தரைமட்டம் எங்கே? நியூயார்க் நினைவிடத்துக்கு வந்த வடிவமைப்புகளை ஒப்பிடுவது எப்படி

நியூயார்க்கில், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் தகர்ந்த உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்தை மறுபடி கட்டுவதற்கு வந்த வடிவமைப்புகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் உயரத்தைத்தான் ஒப்பிட்டார்கள். கட்டடக் கலைஞர் டேனியல் லிபெஸ்கிண்டின் கோபுரம் 1,776 அடி, நார்மன் ஃபாஸ்டருடையது 1,764 அடி, 'திங்க்' என்ற கட்டடக் கலைஞர் குழுவினுடையது 1,665 அடி. செய்தித்தாள் முதல் பக்கத்துக்கு அது போதும். ஆனால் எந்தத் திட்டம் ஏன் பிழைத்தது, எது ஏன் உருமாறியது என்று புரிந்துகொள்ள அந்த எண்கள் உதவாது. அதற்கு வெட்டுத்தோற்றத்தைப் பார்க்க வேண்டும். நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து நெடுக வெட்டிப் பக்கவாட்டில் வரைகிற படம் அது. அதில் ஒரே கேள்விதான்: அஞ்சலி செலுத்த வருகிறவர் எந்த மட்டத்தில் நிற்கிறார்? தெருவிலா, 30 அடி கீழேயா, 70 அடி கீழே பாறையிலா, வானத்திலா?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு குழுவும் வேறு விடை சொன்னது. அவற்றில் பலவற்றை மாற்றி எழுதியது நிலத்துக்கு அடியில் ஏற்கெனவே இருந்தவைதான்.

முதலில் யாராலும் மாற்ற முடியாதவற்றைச் சொல்லிவிடலாம். இடம் 16 ஏக்கர். உரிமையாளர் நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களின் துறைமுக ஆணையம். தாக்குதலுக்கு ஏழு வாரம் முன்பு, 2001 ஜூலையில், கட்டட வணிகர் லாரி சில்வர்ஸ்டீன் தலைமையிலான குழு 320 கோடி டாலர் மதிப்பில் 99 ஆண்டுக் குத்தகை எடுத்திருந்தது. கோபுரங்கள் விழுந்த பிறகும் அந்தக் குத்தகை செல்லும். ஆண்டுக்குச் சுமார் 12 கோடி டாலர் வாடகையும் ஓடிக்கொண்டிருந்தது. இழந்த சுமார் 1 கோடி சதுர அடி அலுவலகப் பரப்பைத் திரும்பக் கட்டும் உரிமையும் கடமையும் குத்தகைதாரருக்கு இருந்தது. இன்னொரு பக்கம், கோபுரங்கள் நின்ற இரண்டு சதுரங்களின் மேல் எதுவும் கட்டப்படாது என்று ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கி 2002-இல் வாக்குக் கொடுத்தார். இந்தச் சதுரங்களைத்தான் எல்லோரும் 'கால்தடங்கள்' என்றார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் ஏக்கர். இவை போதாதென்று, நியூஜெர்சியிலிருந்து ஹட்சன் ஆற்றுக்கு அடியில் வரும் பாத் ரயில் அதே குழிக்குள் திரும்பிச் செல்கிறது. இடத்தின் நடுவே, கிரீன்விச் தெருவுக்கு அடியில், சுரங்க ரயிலின் 1-ஆம் எண் தடம்.

இவ்வளவையும் ஒத்திசைத்து ஒரு திட்டம் உருவாக்கும் பொறுப்பு, 2001 நவம்பரில் அமைத்த கீழ் மன்ஹாட்டன் வளர்ச்சிக் கழகத்துக்கு. அந்தக் கழகத்துக்கோ நிலம் சொந்தமில்லை, குத்தகையும் இல்லை. பின்னால் வந்த குழப்பங்களில் பாதிக்கு விதை இங்கேதான் விழுந்தது.

தொட்டி

மேற்குப் பாதியின் அடியில் இருப்பதைப் பொறியாளர்கள் 'பாத்டப்' என்பார்கள். பெயர் தலைகீழானது. தொட்டி தண்ணீரை உள்ளே வைத்திருக்கும்; இது தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. அந்த நிலத்தின் பெரும்பகுதி பழைய காலத்தில் ஆற்றைத் தூர்த்து உண்டாக்கியது. பாறை சுமார் 70 அடிக்குக் கீழே. அதற்கு மேலே சேறும் பழைய நிரப்பும் ஆற்று நீரும். 1960-களின் இறுதியில் அங்கே 3 அடி கனத்தில், சுமார் 70 அடி ஆழத்துக்கு, பாறையைத் தொடும் கான்கிரீட் சுவரை நான்கு பக்கமும் எழுப்பினார்கள்.

முறை இதுதான். குறுகலான அகழியைத் துண்டு துண்டாகத் தோண்டவேண்டும். தோண்டத் தோண்டப் பக்கங்கள் சரியாமலிருக்க பென்டோனைட் களிமண் குழம்பை நிரப்பிக்கொண்டே போகவேண்டும். பாறையைத் தொட்டதும் கம்பிக் கூண்டை இறக்கி, குழாய் வழியாகக் கான்கிரீட்டை அடியிலிருந்து ஊற்றினால் அது குழம்பை மேலே தள்ளிக்கொண்டு வரும். சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களுக்குக் கட்டிய டயாஃப்ராம் சுவரும் இந்த வழியில் எழுந்ததுதான்.

ஆனால் சுவரைக் கட்டினால் மட்டும் போதாது. உள்ளே மண்ணை அள்ளியதும் வெளியே உள்ள மண்ணும் நீரும் சுவரை உள்நோக்கித் தள்ளும். அதனால் சுவரைத் துளைத்து, சாய்வாகப் பாறை வரை எஃகு நங்கூரங்களைச் செருகி இழுத்துப் பிடித்தார்கள். அடித்தளத் தளங்கள் கட்டி முடிந்ததும் அவையே குறுக்குவிட்டம்போல் சுவரைத் தாங்கின, நங்கூரங்களைத் தளர்த்திவிட்டார்கள். 2001 செப்டம்பர் 11-இல் அந்தத் தளங்கள் நொறுங்கியபோது, லிபர்ட்டி தெருவை ஒட்டிய தெற்குச் சுவர் 10 அங்குலத்துக்கும் மேல் உள்ளே நகர்ந்தது. மண்ணைக் கொட்டி முட்டுக்கொடுத்து, புதிய நங்கூரங்களைப் போட்டு நிறுத்தினார்கள். சுவர் உடைந்திருந்தால் ஹட்சன் நீர் ரயில் சுரங்கங்களுக்குள் பாய்ந்திருக்கும்.

எந்த வடிவமைப்பாளர் இந்தக் குழியைத் திறந்து வைக்கலாம் என்றாலும் அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தளங்கள் இல்லாமல் அந்தச் சுவரை எது பிடித்து நிறுத்தும்?

ஒரே கணக்குக்கு ஆறு விடைகள்

2002 ஜூலை 16-ஆம் தேதி பேயர் பிளிண்டர் பெல் நிறுவனத்தின் ஆறு திட்டங்கள் வெளிவந்தன. நினைவுச் சதுக்கம், நினைவு முக்கோணம், நினைவுத் தோட்டம் என்கிற மாதிரிப் பெயர்கள். நான்கு நாள் கழித்து ஜாவிட்ஸ் மண்டபத்தில் ஆயிரக்கணக்கான நகரவாசிகளை வட்ட மேசைகளில் உட்காரவைத்துக் கருத்துக் கேட்டார்கள். ஆறையும் நிராகரித்துவிட்டார்கள்.

கட்டடக் கலைஞர்களைக் குறை சொல்வது எளிது. உண்மையில் அவர்களுக்குக் கொடுத்த கணக்கே அப்படி. ஆறு திட்டங்களிலும் அலுவலகம் 1 கோடியே 10 லட்சம் சதுர அடி, கடைகள் 6 லட்சம், விடுதி 6 லட்சம். இதை 16 ஏக்கரில் அடுக்கி, மீதிப் பசுமைத் துண்டு சதுரமா முக்கோணமா என்பதுதான் வித்தியாசம். மக்கள் பார்த்த ஆறு படங்களும் ஒரே விடையின் ஆறு கையெழுத்து. இப்படி ஒரு தொகுப்பு முன்னால் வந்தால் படங்களை ஒப்பிடுவதில் பயனில்லை. நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டும்.

வளர்ச்சிக் கழகம் பின்வாங்கியது. உலக அளவில் அழைப்பு விடுத்து, நானூறுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து ஏழு குழுக்களைத் தேர்ந்தெடுத்தது. டிசம்பர் 18 அன்று, இடத்துக்கு எதிரே இருந்த விண்டர் கார்டன் மண்டபத்தில் ஒன்பது வடிவமைப்புகள் வெளியாயின. திங்க் குழு மட்டும் மூன்று கொடுத்திருந்தது.

இவற்றை மட்டத்தின்படி வரிசைப்படுத்தினால் வேறுபாடு தெளிவாகிறது. ரிச்சர்ட் மையர், பீட்டர் ஐசன்மன், சார்ல்ஸ் குவாத்மி, ஸ்டீவன் ஹால் நால்வரும் சேர்ந்த குழு தெரு மட்டத்திலேயே நின்றது: பெரிய திறந்த சதுக்கம், அதன் ஓரங்களில் 1,111 அடி உயரத்தில் கட்டம் கட்டமாகப் பின்னிய ஐந்து கோபுரங்கள், விரல்கள்போல் ஆற்றுப் பக்கம் நீளும் தளங்கள். பீட்டர்சன் லிட்டன்பெர்க் தரையைக் கொஞ்சம் தாழ்த்தி மதில் சூழ்ந்த தோட்டமாக்கி, வடக்குக் கோபுரத்தின் கால்தடத்தில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை என்று ஓர் அரங்கு வைத்தது. அழகான யோசனை, ஆபத்தானதும்கூட. அப்போது பலி எண்ணிக்கையே இறுதியாகவில்லை. முதல் வாரங்களில் 6,000-க்கும் மேல் என்றது, பின்னால் அந்த இடத்துக்கு மட்டும் 2,753 என்று நின்றது. எண்ணிக்கையைக் கல்லில் வார்க்கிற எந்த வடிவமைப்பும் இந்த இடறலுக்குத் தயாராக இருக்கவேண்டும்.

சாய்ந்து ஒன்றையொன்று தழுவும் ஐந்து கோபுரங்கள் வரைந்த யுனைடெட் ஆர்க்கிடெக்ட்ஸ், பார்வையாளரைக் கால்தடங்களின் அடிவரை இறக்கி அண்ணாந்து பார்க்கவைத்தது. ஒரு கோபுரத்தில் தீ என்றால் பக்கத்துக் கோபுரத்துக்குள் நடந்து தப்பலாம் என்பது அதன் வாதம். ஃபாஸ்டரின் இரட்டைக் கோபுரமும் மூன்று இடங்களில் தொட்டுக்கொண்டது இதே காரணத்துக்காகத்தான். பாதுகாப்பை வடிவமாகவே யோசித்த இந்த இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. பகுதி பகுதியாகக் கட்டுவது கடினம். ஒன்றையொன்று தாங்கும் கோபுரங்களில் பாதியைக் கட்டிவிட்டு வாடகைச் சந்தை தேறட்டும் என்று காத்திருப்பது எளிதல்ல.

இறுதிக்கு வந்த இரண்டு

2003 பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டு மிஞ்சின. வெட்டுத்தோற்றத்தில் இவை நேர் எதிர்.

ரஃபேல் விஞ்ஞோலி, ஷிகேரு பான், ஃபிரடெரிக் ஷ்வார்ட்ஸ், கென் ஸ்மித் ஆகியோரின் திங்க் குழு நினைவை மேலே தூக்கியது. கால்தடங்களை மிதிக்காமல், அவற்றைச் சுற்றி எழும் இரண்டு எஃகுக் கூடைக் கோபுரங்கள். அவற்றின் உள்ளே வெவ்வேறு உயரங்களில் அருங்காட்சியகம், அரங்கு, மாநாட்டு மையம். அலுவலகமெல்லாம் சுற்றியுள்ள தனிக் கட்டடங்களில். கருத்து துல்லியமானது. ஆனால் அந்தக் கூடைகளில் வாடகைக்கு விடத் தளம் கிடையாது. அத்தனை எஃகுக்கும், அந்த உயரத்தில் ஓடவேண்டிய மின்தூக்கிக்கும், காற்று விசையைத் தாங்கும் அடித்தளத்துக்கும் பொதுப்பணம்தான் வரவேண்டும். அதோடு அது முழுதாக எழுந்தால்தான் அது அதுவாக இருக்கும்.

டேனியல் லிபெஸ்கிண்ட் எதிர்த்திசையில் போனார். 'மெமரி ஃபவுண்டேஷன்ஸ்' என்ற அவருடைய திட்டத்தின் உயிர், 70 அடி ஆழக் குழியைத் திறந்தே வைத்து, பிழைத்து நின்ற அந்தச் சுவரை எல்லோரும் பார்க்கவைப்பது. சுற்றிலும் படிப்படியாக உயரும் கோபுரங்கள், சுருளின் உச்சியில் 1,776 அடி. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டு. ஒவ்வொரு கோபுரத்தையும் தனித்தனியாக, பணம் வரும்போது கட்டலாம். வணிகர்களின் காதில் இது இனிமையாக விழுந்திருக்க வேண்டும்.

கழகத்தின் தேர்வுக் குழு திங்க் பக்கம் சாய்ந்திருந்தது. ஆளுநர் அதை ஏற்கவில்லை. பிப்ரவரி 27-இல் லிபெஸ்கிண்ட் வென்றதாக அறிவித்தார்கள்.

அதற்குள்ளேயே அவருடைய குழி 70 அடியிலிருந்து 30 அடிக்கு மேலேறிவிட்டது. ரயில் நிலையம், சுற்றுலாப் பேருந்து நிறுத்தம், சரக்கு வண்டி வழி எல்லாவற்றுக்கும் கீழே இடம் தேவை. பாறைவரை திறந்துவிட்டால் இவை எங்கே போகும்? சுவருக்கும் குறுக்குத் தாங்கல் தேவைப்பட்டது. 40 அடி மேலே வந்ததும் பார்வையாளர் காணும் சுவரின் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு செப்டம்பர் 11-ஆம் தேதி காலையும் 8:46 முதல் 10:28 வரை (முதல் விமானம் மோதியதிலிருந்து இரண்டாவது கோபுரம் விழுந்தது வரையான நேரம்) நிழல் விழாமல் வெயில் நிரம்பும் என்று சொல்லி வைத்த 'ஒளி ஆப்பு' சதுக்கமும் பக்கத்து விடுதிக் கட்டடத்தின் நிழலில் சிக்கும் என்று இன்னொரு கட்டடக் கலைஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். இது கவனக்குறைவு, சூரியக் கோணத்தையும் அண்டைக் கட்டடத்தின் உயரத்தையும் வைத்து அன்றே சரிபார்த்திருக்கலாம்.

1,776 என்ற எண் மட்டும் தப்பியது, ஒரு மாதிரியாக. கோபுரத்தை உண்மையில் வரைந்தவர் சில்வர்ஸ்டீன் அமர்த்திய டேவிட் சைல்ட்ஸ். 2005-இல் நகரக் காவல்துறை வெடிகுண்டு வண்டி அபாயத்தைச் சுட்டிக்காட்டியதும் அடிப்பகுதியைச் சாலையிலிருந்து தள்ளி, கனத்த கான்கிரீட் பீடமாக மாற்றினார்கள். இன்றைய கோபுரத்தின் கூரை 1,368 அடி, பழைய வடக்குக் கோபுரத்தின் அதே உயரம். மீதி 408 அடி வெறும் கம்பம்.

5,201 பலகைகள்

நினைவிடத்துக்கென்று தனிப் போட்டி 2003 ஏப்ரலில் தொடங்கியது. லிபெஸ்கிண்டின் குழிக்குள், சுமார் 4.7 ஏக்கரில், நினைவுச்சின்னம் மட்டும். 63 நாடுகளிலிருந்து 5,201 பேர் அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரே பலகை, 30-க்கு 40 அங்குலம். 13 நடுவர்களில் வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின் ஒருவர். எல்லைக் கோட்டை மீறும் யோசனைகளையும் பரிசீலிக்கலாம் என்று விதியில் ஒரு ஜன்னல் திறந்து வைத்திருந்தார்கள். முடிவைத் தீர்மானித்தது அந்த ஜன்னல்தான்.

நவம்பரில் வந்த எட்டு இறுதிப் படைப்புகளைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதே என்றார்கள். இருந்தது. நீர், ஒளி, பெயர், நிலத்தடி மண்டபம். ஒரு பலகையில் நன்றாகப் படிய வேண்டுமென்றால் மங்கிய பின்னணியில் ஒளிப்புள்ளிகள் வரைவதைவிட எளிய வழி இல்லை. ஒரு திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நீர்மேல் தொங்கும் ஒரு விளக்கு. இன்னொன்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு தூண். மற்றொன்றில் தோட்டத்துக்கு அடியில் ஒளிரும் பீடங்கள். இன்னொன்றில் தலைக்கு மேல் ஒளிக்குழாய்கள் திரண்ட மேகக் கூரை. இவற்றை ஒப்பிடக் கேட்கவேண்டிய கேள்வி வேறு. மூவாயிரம் விளக்கில் நாளொன்றுக்கு எத்தனை அணையும்? அணைந்த விளக்கு எவருடைய மகனுடையது? பழுது என்பது பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு வரி. நினைவிடத்தில் அது ஒரு குடும்பத்துக்கு அவமதிப்பு. ஆளுக்கொரு பொருள் என்று வைக்கும் எல்லா வடிவமைப்புக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பெயரைப் பொறிப்பதற்கு அது இல்லை.

2004 ஜனவரியில் வென்றது 'ரிஃப்ளெக்டிங் ஆப்சன்ஸ்'. வரைந்தவர் நகர வீட்டுவசதி ஆணையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மைக்கேல் அராட். இரண்டு கால்தடங்களையும் குழிவான குளங்களாக்கி, நான்கு பக்கமும் 30 அடி அருவியாக நீர் விழச் செய்து, நடுவில் அந்த நீர் இன்னொரு பள்ளத்தில் மறையும். பாதையில் இறங்கினால் அருவிக்குப் பின்னால் நிலத்தடி மண்டபம், அங்கே பெயர்கள். ஆனால் முக்கியமான காரியம் வேறு: லிபெஸ்கிண்டின் 30 அடிக் குழியை அவர் மூடிவிட்டார். தரையைத் தெரு மட்டத்துக்குக் கொண்டுவந்து, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர் குறுக்கே நடந்து போகக்கூடிய சதுக்கமாக்கினார். எட்டில் இடத்தின் நடைமுறைச் சிக்கலை உண்மையில் தீர்த்தது இதுதான். தரை தெரு மட்டத்தில் இருந்தால் கீழே ரயிலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் கூரை கிடைக்கும், தொட்டிச் சுவருக்குத் தளங்கள் முட்டுக்கொடுக்கும்.

சதுக்கம் வெறுமையாக இருக்கிறதென்று நடுவர்கள் நிலவடிவமைப்பாளர் பீட்டர் வாக்கரைச் சேர்க்கச் சொன்னார்கள். அவர் கொண்டுவந்தது 400-க்கும் மேற்பட்ட சதுப்பு வெள்ளைக் கருவாலி மரங்கள். ஒரு திசையிலிருந்து பார்த்தால் நேர் வரிசை, மற்றத் திசையில் இயற்கைக் காடுபோல் ஒழுங்கற்ற இடைவெளி. இவை நிற்பது தரையில் அல்ல, கூரையின்மேல். அடியில் ரயில் நிலையமும் அருங்காட்சியகமும். கூட்டம் நடக்கும் கல்தளத்துக்கு அடியில் மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது, பத்து ஆண்டில் மரம் நோஞ்சானாகும். அதனால் கல்தளத்தின் சுமை மண்ணில் இறங்காதபடி அதைத் தாங்கிகளில் நிறுத்தி, நடுவே நீண்ட மண்தொட்டிகளை ஓடவிட்டார்கள். மரங்களைப் பல ஆண்டு முன்னதாகவே நியூஜெர்சி நாற்றங்காலில் பெட்டியில் வளர்த்துத் தயார் செய்தார்கள்.

அருவியிலும் இப்படி ஒரு நுணுக்கம். விளிம்பு தட்டையாக இருந்தால் நீர் மெல்லிய தாளாக விழும். காற்றடித்தால் கிழிந்து பார்வையாளர்மேல் தெறிக்கும். தாளை நிலைநிறுத்த ஏராளமான நீர் வேண்டும், அதை மேலேற்ற மின்சாரம் வேண்டும். விளிம்பைப் பற்கள்போல் வெட்டியதும் நீர் தனித்தனி இழைகளாகப் பிரிந்தது. குறைந்த நீரில் முழு அருவியின் தோற்றம். கனடாவில் முழு அளவு மாதிரி கட்டிப் பார்த்துத்தான் இதை முடிவு செய்தார்கள்.

விலை வந்து மாற்றிய மட்டம்

2006 வசந்தத்தில் ஒப்பந்ததாரரின் மதிப்பீடு வந்தது: நினைவிடம், அருங்காட்சியகம், அடிக்கட்டமைப்பு எல்லாம் சேர்ந்து 97 கோடி டாலர். ஆளுநரும் மேயர் புளூம்பெர்கும் 50 கோடி என்று கோடு கிழித்தார்கள். கட்டுமானத் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் ஷாமியிடம் குறைக்கும் பொறுப்பு. எதை வெட்டுவது? நிலத்தடி மண்டபங்களுக்கு மட்டும் தனி இறங்குவழி, தனிக் காற்றோட்டம், தனி அவசர வெளியேற்றம், தனிப் பாதுகாப்புச் சோதனை. உறவினர்களில் பலருக்கும் பெயர்கள் பாதாளத்தில் இருப்பதில் ஏற்கெனவே விருப்பமில்லை. மண்டபங்கள் போயின. பெயர்கள் மேலே வந்து, குளங்களின் விளிம்பில் இடுப்புயர வெண்கலப் பலகைகளில் உட்கார்ந்தன.

அராட் இதை எதிர்த்தார் என்றாலும், மேம்பட்ட வடிவம் இதுதான் என்பது எங்கள் கருத்து. வெண்கலத்தை ஊடுருவி வெட்டிய எழுத்துகள் இரவில் உள்ளிருந்து ஒளிர்கின்றன; விரல் வைத்துத் தடவலாம், காகிதம் வைத்துத் தேய்த்து எடுக்கலாம், பூவைச் செருகலாம். கோடையில் சுடாமலும் குளிரில் உறையாமலும் இருக்கப் பலகைக்குள் வெப்பக் கட்டுப்பாடு உண்டு.

பெயர் வரிசைதான் நீண்ட சண்டை. அராட் வரிசையே வேண்டாம் என்றார், குடும்பங்கள் கொதித்தன. தீயணைப்பு வீரர்கள் தங்கள் பிரிவோடு சேர்ந்து நிற்கவேண்டும் என்றார்கள். கடைசியில் 2,983 பெயர்கள் ஒன்பது குழுக்களாக: இரு கோபுரங்கள், நான்கு விமானங்கள், பென்டகன், மீட்புக்குச் சென்றவர்கள், 1993 பிப்ரவரி 26 குண்டுவெடிப்பில் இறந்த ஆறு பேர். குழுவுக்குள் அகர வரிசை இல்லை. யாருக்குப் பக்கத்தில் யார் என்று குடும்பங்களைக் கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேல் கோரிக்கைகள் வந்தன. ஒன்றை நிறைவேற்றினால் மற்றொன்று முறியும் இந்தப் புதிரைக் கணினி நிரல் எழுதி அவிழ்த்து, பலகையின் அகலத்துக்கு எழுத்துகளைக் கையால் சரிசெய்தார்கள். வருகிறவர் ஒரு பெயரைத் தேடினால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது என்பது இதற்கான விலை. கருவியோ கைபேசியோ உதவவேண்டும்.

சதுக்கம் 2011 செப்டம்பரிலும் அருங்காட்சியகம் 2014 மேயிலும் திறந்தன. இடையில் 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது கட்டிக்கொண்டிருந்த அருங்காட்சியகத்துக்குள் பல அடி நீர் ஏறியது. தொட்டிச் சுவர் தாங்கியது. வெள்ளம் மேலிருந்து வந்தது. தொடக்க ஆண்டுகளில் முழு வளாகத்தையும் நடத்த ஆண்டுக்கு 6 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். போட்டிப் பலகை எதிலும் இந்த எண்ணுக்குக் கட்டம் இருக்கவில்லை.

லிபெஸ்கிண்ட் திறந்தவெளியில், நகரமே பார்க்கும்படி வரைந்த சுவரின் ஒரு துண்டு இன்றும் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் அடிமட்ட மண்டபத்தில், கூரைக்குக் கீழே, நங்கூரத் தலைகள் துருத்திக்கொண்டு நிற்க, சுமார் 60 அடி உயரத்துக்கு. அதைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கி 70 அடி இறங்கவேண்டும். அராட் நிலத்தடியில் அரை இருட்டில் வைத்த பெயர்கள் தெரு மட்டத்தில் வெயிலில் இருக்கின்றன. அவற்றைத் தொட்டுப் பார்க்கக் கட்டணம் இல்லை.